சுள்ளிமேட்டு ஒச்சம்மா

அது எந்தக் காலம்னு கேட்டா எனக்கும் தெரியாது, எனக்குச் சொன்னவங்களுக்கும் தெரியாது. நம்ம ஊரு மந்திக்கரட்டுக்கு ரோடு வராத காலம். இந்த மலையில மனுசங்களவிட மந்தி அதிகமா இருந்த காலமாம்.

அப்ப ஊருல ஒரு வழக்கம். குரங்கு செத்து விழுந்துட்டா மனுசச் சாவு மாதிரியேதான் எல்லாம். குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, கோடித்துணி போத்தி, கொட்டு மேளத்தோட தூக்கிட்டுப் போய்ப் புதைப்பாங்க. சாமியாச்சே, சும்மா விட முடியுமா? குளிப்பாட்டுற உரிமை மட்டும் ஒரே வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக்குப் பேரே குடத்து வீடு. வீட்டு ஆம்பள குரங்க மடியில கெடத்துவான். பொம்பள குடத்துத் தண்ணிய ஊத்துவா. அதுல அவங்களுக்கு ஒரு கர்வமும் இருந்துச்சாம். இருக்காதா பின்னே!

அந்தக் குடத்து வீட்டு மருமகதான் ஒச்சம்மா. புருசன் பேரு மொக்கையன். ஒரே பொண்ணு, அங்காயி. வாய் ஓயாத பொண்ணு, காக்கா குருவியோடகூட வழக்குப் பேசுவாளாம்.

ஒரு வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. மாசி பங்குனியில காடே காஞ்சு கெடக்கு. ஒரு நாள் இலுப்பை மரத்துல இருந்து ஒரு கெடாக்குரங்கு பொத்துன்னு விழுந்து செத்துச்சாம். மொக்கையன் மடியில கெடத்துனான். ஒச்சம்மா தண்ணி ஊத்துனா. முறை கொறையாம எல்லாம் நடந்துச்சு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல மொக்கையன் படுத்துட்டான். தலை வெடிக்குதுங்குறான். கண்ணு செவந்து போச்சு. ஈறுல ரத்தம் கசியுது. என்னென்ன கசாயமோ குடுத்துப் பாத்தாங்க. போயிட்டான்.

ஊர்ப் பெரியவரு செவனாண்டி என்ன சொன்னாராம்? "சாமிக்கு ஏதோ கொற வச்சுட்டோம்ப்பா. அடுத்த தடவ நல்லாச் செய்யணும்."

அடுத்த குரங்கு விழுந்துச்சு. நல்லாச் செஞ்சாங்க. பட்டுத்துணி, பெரிய மேளம், ஊரே தோள் குடுத்துச்சு. தோள் குடுத்தவங்க வீட்டுல எல்லாம் காய்ச்சல். இன்னும் கொற இருக்குதுன்னாரு பெரியவரு. அதுக்கடுத்த குரங்குக்கு இன்னும் நல்லாச் செஞ்சாங்க. இன்னும் சாவு. நல்லாச் செய்யச் செய்யச் சாவு கூடுது. யாருக்கும் புரியல. என்ன சனமோ, போங்க!

ஒச்சம்மாவுக்கு மட்டும் ஒண்ணு கண்ணுல பட்டுச்சாம். தண்ணி ஊத்தும்போது குரங்கு மயிருக்குள்ள இருந்து உண்ணி கெளம்பி ஓடுது. மாட்டு உண்ணி மாதிரி பெருசு இல்ல, கடுகுல பாதி. மொக்கையனுக்குப் பதிலாக் குரங்க மடியில வச்சிருக்கவன் கையில ஏறுது, கக்கத்துக்குள்ள போகுது. புருசன் கக்கத்துலயும் அப்படித்தான் ஒட்டிக் கெடந்துச்சுன்னு அவளுக்கு அப்பத்தான் நெனப்பு வந்துச்சாம்.

பெரியவருகிட்டப் போய்ச் சொன்னா. "ஐயா, சாமி குத்தம் இல்லய்யா. செத்த ஒடம்ப விட்டு உண்ணி நம்ம மேல ஏறுது. தொடாம அப்படியே எரிச்சுப்புடலாம்."

"சாமியவே எரிக்கச் சொல்றியா? புருசன் போனதுல புத்தி பேதலிச்சுப் போச்சு ஒனக்கு" அப்படின்னுட்டாரு.

பெறகுதான் அது நடந்துச்சு. ஒரு தாய்க்குரங்கு ஒச்சம்மா வீட்டு வாசல்லயே விழுந்து செத்துச்சு. வயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு குட்டி, உசுரோட. கீச்சு கீச்சுன்னு கத்துது. ஊரே கூடிருச்சு.

"குடத்த எடு ஒச்சம்மா."

"எடுக்க மாட்டேன்."

"ஒங்க வீட்டு உரிமை ஆத்தா அது."

"அந்த உரிம ஒண்ணும் எனக்கு வேணாம்!"ன்னு குடத்தத் தூக்கித் தரையில போட்டு ஒடச்சா. "என்னோட போகட்டும். எம் மக கையில இந்தக் குடம் வரக் கூடாது!"

அவ சண்டை போட்டது எல்லாம் அந்த மகளுக்காகத்தான். ஆனா பாருங்க, ஊரைப் பாத்து நின்னவ மகளைப் பாக்கல. திரும்புனா, அங்காயி அந்தக் குட்டிய ஆத்தாகிட்ட இருந்து பிரிச்செடுத்து மாரோட அணைச்சுக்கிட்டு நிக்கிறா. "அழுவுதும்மா. பசிக்குது போல."

பெத்தவ என்ன பாடு பட்டிருப்பா!

குட்டியப் புடுங்கி எறிஞ்சா. மகளை ஒக்கார வச்சு உண்ணி உண்ணியாப் பெறக்குனா. எல்லாத்தையும் பெறக்கிட்டோம்னுதான் நெனச்சாளாம். காய்ச்சல் வந்துருச்சு. வாய் ஓயாத பிள்ளை வாயே தெறக்கல. கடைசியாக் கேட்டது ஒண்ணுதானாம்: "குட்டி பால் குடிச்சுச்சாம்மா?"

அது எப்பவோ செத்துப் போச்சு. "குடிச்சுச்சு தாயி, வயிறு நெறையக் குடிச்சுச்சு"ன்னா ஒச்சம்மா.

மகளைப் பொதைச்ச கையோட மலையேறிட்டா. இந்த எடத்துல, இந்த இலுப்பைக்குக் கீழ சின்னக் குடிசையா ஒரு குச்சு போட்டு ஒக்காந்துட்டா. எங்க குரங்கு விழுந்தாலும் அவளே போய்ச் சுள்ளி அடுக்கி அங்கனயே எரிப்பா. ஒருத்தரையும் கிட்ட விட மாட்டா. மேளம் இல்ல, பட்டு இல்ல. அழுகை மட்டும் உண்டாம். குரங்குக்கு அழுதாளோ, மகளுக்கு அழுதாளோ!

ஊருக்குள்ள காய்ச்சல் நின்னுச்சு. செவனாண்டிக்கு அப்பத்தான் புத்தி வந்து, மலையேறி வந்தாரு. "ஆத்தா, தப்பு பண்ணிட்டேன். நீ வீட்டுக்கு வா."

"கிட்ட வராதய்யா! எம் மேல எத்தனை உண்ணி ஏறிக் கெடக்கோ. ஏதாச்சும் செய்யணும்னா சுள்ளி பெறக்கி அங்க இருந்தே வீசு, எரிக்க ஆகும்."

வீசுனாரு. ஊரும் வந்து வந்து வீசுச்சு. அவளுக்கும் காய்ச்சல் வந்துச்சு. அப்பவும் ஒரே பேச்சுதான்: "கிட்ட வராதீங்க." தண்ணி குடுக்கக்கூட யாரையும் விடல. குச்சுல சத்தம் நின்னப்ப, ஊரே தள்ளி நின்னு அழுதுக்கிட்டே சுள்ளிய வீசிக் குச்சோட மூடிப் பந்தத்த எறிஞ்சாங்க. ஊருக்காகக் குரங்குப் பொணத்தக் குளிப்பாட்டுனவளுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்த ஆள் இல்ல.

அந்த எடந்தான் இந்தா தெரியுதே, இந்தச் சுள்ளிமேடு. இப்ப ஆஸ்பத்திரியில அதை உண்ணி கொண்டுவர்ற வைரஸ்ங்குறாங்க. இருக்கட்டும். நம்ம ஊருல செத்த குரங்க இன்னைக்கும் எவனும் தொட மாட்டான். வனத்துறைக்குப் போன் போட்டுட்டு ஒதுங்கி நிப்போம். குடத்து வீட்டுப் பங்காளிங்க வீட்டுல இன்னைக்கும் குடம் கெடையாது, தண்ணி புடிக்கத் தவலைதான்.

எந்திரிங்க, பொழுது சாயுது. ஆளுக்கொரு சுள்ளி எடுத்துக்கங்க. ஏலே, அங்க போகாத! இங்க நின்னே வீசு. வீசிட்டுச் சத்தமாச் சொல்லணும், அவளுக்குக் கேக்கணும்:

"கிட்ட வரல ஆத்தா. சொகமா இருக்கோம்."