பாதி விலைச் சாப்பாடும் சம்பந்தியம்மாவும்

உக்காருங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. நீங்க வந்த விஷயம் எனக்குத் தெரியும். சம்பந்தத்தை முறிச்சுக்கலாம்னு சொல்ல வந்திருக்கீங்க. அதை வயிறு நிறைஞ்ச பிறகும் சொல்லலாம், எங்கயும் ஓடிடாது. பையை அந்த நாற்காலியில வைங்க. தண்ணி ஊத்த ஒரு பொண்ணு வரும். புதுசு, மேல சிந்திடும். சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க.

ஐயே, இது ஓட்டல் இல்லீங்க. சமையல் படிப்பு சொல்லித் தர்ற காலேஜு. பிள்ளைங்களுக்குக் கை பழகணும்ல, அதனால மத்தியானத்துல வெளியாளுங்களுக்குச் சாப்பாடு போடுறாங்க. மேசை விரிப்பு, மடிச்ச துணி, கண்ணாடி டம்ளர், எல்லாம் பெரிய ஓட்டல் கணக்கா இருக்கும். விலை மட்டும் பெரிய ஓட்டல் வாசல்ல வண்டி நிறுத்துற காசு. அதோ தூணோரமா நிக்கிறாரே, அவருதான் வாத்தியார், மார்க் போட்டுக்கிட்டே இருப்பாரு. நாம முகத்தைச் சுளிச்சா அந்தப் பொண்ணுக்குக் குறைஞ்சிடும். அதனால கோவத்தையெல்லாம் என்கிட்ட காட்டுங்க, அதுகிட்ட சிரிங்க.

ம், இப்பச் சொல்லுங்க. உங்க கொழுந்தனார் என்னைப் பாத்தாராம். ஒரு ஓட்டல்ல மத்தியானக் கூட்டம் முடிஞ்சு, மிச்சத்தைப் பாதி விலைக்குத் தர்ற வரிசையில நான் நின்னேனாம். நின்னேன். கையில டப்பா வேற இருந்துச்சு, அதைச் சொன்னாரா? வரிசையில நான்தான் முதல் ஆளு, அதையும் சொல்லியிருப்பாரே. பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?

மானமா? இருங்க, சூப்பு வருது. குடிச்சுக்கிட்டே மானத்தைப் பத்திப் பேசுவோம்.

நான் டைல்ஸ் கடையில வேலை பாத்தவ, உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல பாதி வீட்டுக் குளியலறைத் தரை நான் எடுத்துக் குடுத்தது. அப்புறம் ஒவ்வொருத்தரா வீடு கட்டுறதை நிறுத்தினாங்க. நாங்க மாதிரிக் கல்லைத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சோம், பாக்கத்தான் ஆள் வரலை. ஒரு நாள் காலையில போறேன், முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. உள்ள வராதீங்கம்மா, முடிஞ்சு போச்சுங்கிறாரு. அந்த மனுசனுக்கே கண்ணு கலங்கிடுச்சு, நான் என்னத்தைத் திட்டுறது? சாப்பாட்டுக் கூடையோட திரும்பி வந்து, பூங்கா பெஞ்சுல உக்காந்து அந்தச் சோத்தைத் தின்னேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அழுகை வந்திடும்னு பயம்.

எங்க வீட்டுக்காரருக்கும் வேன் ஓட்டுற வேலை வாரத்துல பாதி நாள்தான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல்ல உக்காந்திருப்போம். என் மக ரத்தம் பரிசோதிக்கிற எடத்துல வேலை பாக்குறாளே, அவ ஒரு சாயங்காலம் வந்து, ரெண்டு பேரும் மூஞ்சியைக் கழுவுங்க, வெளிய போய்ச் சாப்பிடலாம்னா. போனோம். இவரு மெனுவை வாங்கி வலது பக்கத்துலேருந்து படிக்கிறாரு. சாப்பாட்டுப் பேரைப் பாக்கவே இல்ல. விலையைப் பாத்துட்டு, எனக்குப் பசி இல்லம்மா, ஒரு டீ போதும்னாரு. எப்படிச் சாப்பிடுற மனுசன் தெரியுமா அவரு? தட்டு தேயத் தேயச் சாப்பிடுவாரு. அன்னைக்கு டீயை ஊதி ஊதிக் குடிச்சுட்டு எங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அன்னைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்துச்சு. வேலையைப் புடுங்கிக்கிட்டாங்க, சரி. எங்க நாக்கையும் சேத்தா புடுங்குவாங்க? இருங்கடான்னு கிளம்பினேன்.

தெருத் தெருவா நடந்தேன் சம்பந்தியம்மா. ஊரே சுருங்கிப் போனா ஓட்டல்காரன் மட்டும் என்ன பண்ணுவான்? அவனுக்கும் மேசை காலியாத்தானே கிடக்கு. நேரங்கெட்ட நேரத்துல போனா பாதி விலைக்குத் தர்றான். திங்கக்கிழமை எவனும் வெளிய சாப்பிட மாட்டான், அன்னைக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா. ஆனா குளிர்பானத்து விலையிலதான் கண்ணி வெப்பான், அதைத் தொடவே கூடாது. படம் போட்ட விளம்பரத்தை நம்பாதீங்க, அந்தப் படத்துல இருக்குற கோழி உள்ள இருக்காது. இந்த வித்தையெல்லாம் நடந்து நடந்து கத்துக்கிட்டேன். இப்ப எங்க தெருவுல எங்க என்ன மலிவுன்னு கேக்க என் வீட்டுக் கதவைத்தான் தட்டுறாங்க. கடை போனவளுக்குக் கூட்டத்தைப் பாருங்க!

ஒரு எடத்துல மேனேஜர் என்னை மறிச்சாரு. மிச்சத்தைக் கட்டி எடுத்துட்டுப் போகக் கூடாதாம். நான் கேட்டேன், ஐயா, காசு குடுத்த பிறகு இது என் சோறு. வயித்துல எடுத்துட்டுப் போனா என்ன, டப்பாவுல எடுத்துட்டுப் போனா என்ன? உங்க வாசலைத் தாண்டிப் போறது ஒண்ணுதானேன்னேன். பக்கத்து மேசைக்காரங்க சிரிச்சிட்டாங்க. அவரே ஒரு மூடி கொண்டாந்து குடுத்தாரு.

இதுல எங்க மானம் போச்சு, சொல்லுங்க. திருடினேனா? கையேந்தினேனா? எங்க வீட்டுக்காரரு இப்போ மெனுவை இடது பக்கத்துலேருந்து படிக்கிறாரு. என் மானம் அங்க இருக்கு. ஊரு என்ன பேசும்கிறீங்களா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேசிட்டுப் போகட்டும்.

கல்யாணச் சாப்பாடா? ஆமா, இங்கேயே பேசிட்டேன். பிள்ளைங்களுக்குப் பெரிய கூட்டத்துக்குச் சமைக்கணும்னு பாடமே இருக்காம், வாத்தியார் துள்ளிக் குதிச்சாரு. உங்க சொந்தக்காரங்க நிறைவாச் சாப்பிட்டு எந்திரிப்பாங்க. அது கூட வேண்டாம், சம்பந்தமே வேண்டாம்னா, சரி. எங்க பொண்ணு ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டா. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க.

இந்த எடத்தை எனக்குக் காட்டினது யாரு தெரியுமா? உங்க பையன்தான்.

ஆமா. மத்தியானத்துல, ரெண்டு மூணு தடவை வந்திருக்கோம். லீவெல்லாம் போடலை. ஆபீஸ் இருந்தாத்தானே லீவு போட? ஸ்பூனைக் கீழ வைங்க, சூப்பு சிந்துது பாருங்க... ஒண்ணுமில்ல பாப்பா, நீ போம்மா, அம்மாவுக்குச் சூடு பட்டிருச்சு, அவ்வளவுதான்.

கம்பெனியில ஆளைக் குறைச்சப்போ முதல்ல எடுத்தது அவரு இருந்த பிரிவைத்தான். மழைக்காலத்துக்கு முன்னாடியே. நீங்க தேச்சுக் குடுக்குற சட்டையைப் போட்டுக்கிட்டு தினமும் கிளம்பி, நூலகத்துல உக்காந்து ஒவ்வொரு கம்பெனியா விண்ணப்பம் போட்டுக்கிட்டிருக்காரு. உங்க கொழுந்தனார் பாத்தாரே அதே வரிசையிலதான், வேற ஒரு நாள், எனக்குப் பின்னாடி வந்து நின்னாரு. என்னைக் கண்டதும் திரும்பி நடந்தாரு. விடுவேனா? பை வாரைப் பிடிச்சு இழுத்தேன். அத்தைன்னாரு. ரெண்டு பேரும் படிக்கட்டுல உக்காந்து ஒரே டப்பாவைப் பிரிச்சுச் சாப்பிட்டோம்.

உங்ககிட்ட ஏன் சொல்லலையா? சொல்லத்தான் வந்தாராம். அன்னைக்குப் பாத்து நீங்க, வேலை போன வீட்டுல போயா சம்பந்தம் பண்றதுன்னு சோத்தைப் போட்டுக்கிட்டே சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்னது எங்களை. அது போய் அடிச்சது அவரை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவருன்னு நினைக்காதீங்க. பெத்தவ முகம் வாடிடுமேன்னு பயந்த பிள்ளை.

என் மகளுக்கா? அவளுக்கு முதல்ல இருந்தே தெரியும். என்கிட்டயே மறைச்சிருக்கா, கழுதை. என்னடி பண்ணப் போறேன்னு கேட்டேன். வேலைதானேம்மா போச்சு, ஆளு இருக்காருல்லன்னுட்டா. நேத்து உங்க பையன் எங்க வீட்டுக்கு வந்து, எனக்குத் தைரியம் இல்ல, நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க அத்தைன்னு நின்னாரு. அதான் நீங்க பேசணும்னதும் இங்க வரச் சொன்னேன்.

அழுங்க, பரவாயில்ல. வாத்தியார் காரம் ஜாஸ்தின்னு நினைச்சுக்குவாரு.

உங்க பையன் எதிர்ல பஸ் நிறுத்தத்துல நிக்கிறாரு. நான் கை காட்டினா வர்றதாப் பேச்சு. நான் காட்ட மாட்டேன். பெத்தவ நீங்க இருக்கீங்க, நீங்க போய்க் கூப்பிடுங்க. சம்பந்தம் வேணுமா வேண்டாமான்னு அப்புறம் மூணு பேருமா பேசுவோம். வேலையைப் பத்தி வாயத் தொறக்காதீங்க. சாப்டியாடான்னு மட்டும் கேளுங்க.

போங்க சம்பந்தியம்மா. சூப்பு ஆறினா ஆறட்டும், சுட வெச்சுத் தரச் சொல்றேன்.