ஒரு தெருவுக்கு ஒரே தீயணைப்பான்

நாற்காலியின் உயரத்தையும் நம் எல்லோர் நெஞ்சின் பாரத்தையும் ஒருங்கே தாங்கி வீற்றிருக்கும் நாள்வாடகை வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு அருகே நிமிராமல் அமர்ந்திருக்கும் பொருளாளர், தையல்காரர் அண்ணன் அவர்களே! முன்வரிசையின் பெருமையே, பெரியோர்களே! வந்தவர் போனதும் வீட்டைத் துடைத்து, போனவர் தடம் தெரியாமல் விரிப்பை மாற்றும் தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று கதவோரம் காத்திருக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பத்தாம் வகுப்பை இருமுறை படித்தவன். முதல்முறை புரியவில்லை, இரண்டாம் முறை, புரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். நாள்வாடகைக்கு வீடு நடத்துபவள் என் மகள். உரிமமும் அவள் பெயரில். நான் அங்கே பெட்டி தூக்கும் துறைக்கு அமைச்சர். விருந்தினர் சிலர் என் கையில் சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். "அப்பா, திருப்பிக் குடுங்கப்பா, மானம் போகுது" என்பாள் மகள். மானம் அவளுக்கு, தேநீர் எனக்கு என்று பிரித்துக்கொள்வோம்.

சிரியுங்கள். சிரிக்க வைக்கத்தான் என்னை அழைத்தார்கள். "நாலு வார்த்தை கலகலப்பா பேசி, தீர்மானத்தை வழிமொழிஞ்சிடுங்க" என்றார் தலைவர். அந்தத் தீர்மானம் என்ன? சென்ற வாரம் தையல்காரர் அண்ணன் வீட்டில் தீப்பிடித்து, அங்கே தங்கியிருந்த பெரியவர் ஒருவர் இறந்தார். விருந்தினரைத் தனியே விட்டுவிட்டுத் துப்புரவுப் பணியாளர் வெளியே ஓடியதே அதற்குக் காரணம். இதுதான் தீர்மானம். நாளை அது காவல் நிலையத்துக்குப் போகும். அதன் பின்னே, கையில் கட்டோடு மருத்துவமனையில் கிடக்கும் நம் பெரியக்கா சிறைக்குப் போவாள்.

பெரியக்காவைத் தெரியாதவர் உண்டா இங்கே? நம் எல்லார் வீட்டுக் கழிவறையும் அவள் கழுவியதுதானே?

அவள் ஓடினாள். உண்மை. ஏன் ஓடினாள்? எதற்காக ஓடினாள்? எங்கே ஓடினாள்?

பின்வரிசையில் யாரோ "மாப்பிள்ளை" என்று முணுமுணுக்கிறீர்கள். காது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆமாம் ஐயா, மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வெளியூர் நண்பர்களும் வந்திருப்பதால் விளக்கிவிடுகிறேன். நகராட்சி உரிமம் வேண்டுமென்றால் விதிகள் பல உண்டு. வாசலுக்கு ஒரு விதி, மாடிப்படிக்கு ஒரு விதி, படுக்கைக்கு ஒரு விதி, பின்கதவுக்கு ஒரு விதி. அதில் ஒன்று, வீட்டுக்கு ஒரு தீயணைப்பான், கதவருகே, கைக்கு எட்டும் உயரத்தில், எந்நேரமும். நாம் என்ன செய்தோம்? தையல்காரர் அண்ணன் ஒன்று வாங்கினார். தெருவே அதைப் பங்கு போட்டுக்கொண்டது. எந்த வீட்டுக்கு அதிகாரி பார்வையிட வருகிறாரோ, அந்த வீட்டுக்கு அது போர்வை போர்த்திக்கொண்டு போகும். சிவப்பாய், பருத்து, போகிற இடமெல்லாம் உபசாரம். அதனால்தான் மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம். "மாப்பிள்ளை கிளம்பியாச்சா?", "மதியமே அனுப்பிட்டேன், நல்லா கவனிச்சுக்குங்க!" எத்தனை முறை சிரித்திருக்கிறோம்!

ஒருமுறை அதிகாரி எங்கள் வீட்டில் அதை உற்றுப் பார்த்தார். "இதே மாதிரி நசுங்கினது ஒண்ணை எதிர்வீட்டுலயும் பார்த்தேனே?" என்றார். "ஒரே கடையில வாங்கினது சார், கடைக்காரன் கீழே போட்டுட்டான்" என்றாள் என் மகள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் வாசல் தாண்டியதும் நாங்களும் சிரித்தோம்.

சென்ற வாரம் எங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை. மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தார்.

தையல்காரர் அண்ணன் வீட்டில் ஒரு பெண் தன் தந்தையோடு தங்கியிருந்தாள். சிகிச்சைக்காக வந்தவர்கள். பெரியவரால் நடக்க முடியாது. மகள் மருந்து வாங்கப் போயிருந்த பிற்பகலில், கட்டிலருகே மின்கம்பியில் பொறி பறந்து திரைச்சீலையில் தீ ஏறியது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியக்கா பார்த்தாள். தூக்கப் போனாள், அவள் ஒற்றை ஆளுக்கு அவர் அசையவில்லை. கதவருகே ஓடினாள். அங்கே என்ன இருந்தது, அன்பர்களே? கொக்கி இருந்தது. வெறும் கொக்கி!

அவள் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "மாப்பிள்ளை யாரு வீட்ல? சொல்லுங்க, யாரு வீட்ல?" அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. வீடு வீடாய்த் தேடி, எங்கள் வாசலுக்கு வந்து நின்றவள் கையை மட்டும் நீட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். இந்தத் தொந்தியோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. நான் போய்ச் சேர்ந்தபோது புகைக்குள் அவள் இருந்தாள். தீயை அணைத்துவிட்டாள். எரிகிற போர்வையைக் கையாலேயே இழுத்து எறிந்திருந்தாள். பெரியவர் மட்டும் மூச்சின்றிக் கிடந்தார்.

மருந்துப் பையோடு திரும்பி வந்த அந்த மகள் அழவில்லை. "தண்ணி கேட்டாரா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். நானும் மகளைப் பெற்றவன்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பெரியக்கா விட்டுவிட்டு ஓடினாளா? இல்லை, நாம் சுவரில் விட்டு வைக்காததைத் தேடி ஓடினாளா?

தலைவர் ஏதோ சொல்கிறார். "உட்காருங்க, இதையெல்லாம் வெளியே பேசலாம்." தலைவரே, வெளியே பேசித்தான் இவ்வளவும் ஆயிற்று. "உங்க பொண்ணு உரிமமும் போயிடும், யோசிச்சுப் பேசுங்க." யோசித்தேன், தலைவரே. யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் ஒரு வாரம் பிடித்தது. மகளிடமும் கேட்டேன். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், நீங்களே கேளுங்கள். "அந்த உரிமத்தை மாட்டி வச்ச சுவத்தைப் பாக்கவே முடியலப்பா, சொல்லிடுங்க" என்றாள்.

விதி கடுமையா? கடுமைதான். அலைச்சலா? அலைச்சல்தான். நானே திட்டியிருக்கிறேன், இதே மேடையில், உங்கள் கைதட்டலோடு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நம்மை நம்பி நம் கூரையின் கீழ்க் கண்ணை மூடுகிறாரே, அந்த நம்பிக்கைக்கு நாம் காட்டிய மரியாதை ஒரு வெறுங்கொக்கிதானா?

இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை. நாளைக் காலை நானும் என் மகளும் காவல் நிலையத்துக்குப் போகிறோம். பெரியக்கா ஏன் ஓடினாள் என்று சொல்லப் போகிறோம். இரண்டு பேர் சொன்னால் குடும்பக் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். தெருவே சொன்னால் ஒதுக்க முடியாது. மாப்பிள்ளையை ஒருநாளாவது வீட்டில் வைத்திருந்தவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள்.

என் கை இதோ. அது என் மகளின் கை. ஓரத்தில் ஒரு தாய், வணக்கம் அம்மா. அப்புறம்? முன்வரிசை தரையைப் பார்க்கிறது. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

அண்ணே... தையல்காரர் அண்ணே, நீங்களா? தூக்கிய கையை இறக்கிவிடாதீர்கள், அண்ணே.

கை தூக்கியவர்களுக்கு நன்றி. எழுந்து போகிறவர்களுக்கும் நன்றி. காதில் விழுந்ததால்தானே போகிறீர்கள்? காவல் நிலையத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் போகிறோம். வாசலில் நிற்கிறேன். வணக்கம்.