இரண்டாவது பட்டன்

டாக்டரிடம் “இன்னும் கொஞ்சம் பாருங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவா? யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு விடை தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் போகும் குழந்தை டாக்டர், ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்தவரையும் உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். நேற்று மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இருமிக்கொண்டிருந்த மகனோடு டாக்டர் எதிரே ஸ்டூலில் இருந்தார்.

“புள்ள சட்டைல ரெண்டாவது பட்டனே இன்னும் கழட்டல சார். அதுக்குள்ள மருந்து எழுதிட்டீங்க.”

“சளிதாம்மா. மூணு நாள் குடு.”

“எந்திரிம்மா, அடுத்த டோக்கன் உக்காந்துகினு இருக்காங்க,” என்றார் நர்ஸ். அந்த டோக்கன் நான்தான்.

“இருக்கட்டும். வெள்ளிமலைலேர்ந்து மொத பஸ் புடிச்சு வந்துகிறேன். நெஞ்சுல குழல் வெச்சுப் பாக்காம எந்திரிக்க மாட்டேன்.”

“வெளிய எவ்ளோ கூட்டம், பாத்தியாம்மா?” என்றார் டாக்டர்.

“பாத்தேன் சார். அவங்களும் புள்ளையக் காட்டத்தான் வந்துகிறாங்க, சீட்டு வாங்க இல்ல.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். பையனின் முதுகில் மூன்று இடங்களில் வைத்துக் கேட்டார். எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார்.

“இதுக்குத்தான் சார் உக்காந்தேன்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்தார்.

பிறகு நான். டாக்டர் மருந்து எழுதினார், நர்ஸ் “அடுத்து” என்றார், நான் எழுந்துவிட்டேன். பால் குடித்ததும் மகள் ஏன் கக்குகிறாள் என்று கேட்கவே இல்லை. மருந்து தீரும்வரை பொறுப்பதா, நாளைக்கே மறுபடி டோக்கன் போடுவதா? குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.