கை காட்டுகிறவன்

தண்ணீர் போதும் ஐயா. நிதானமாகவே சொல்கிறேன்.

சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குக் கை காட்ட வேண்டும். பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையை நீட்டினால், பின்னால் வருகிறவன் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்வான். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டான். கேட்க நேரமும் இருக்காது.

மாமா, அதாவது என் அக்கா புருஷன், சாம்பியன். நாங்கள் ஒரே அணி. எதிர்க்காற்றை நான் வாங்குவேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்து, கடைசியில் என்னைத் தாண்டிப் போய்க் கோப்பையைத் தூக்குவார். எனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் மூளையில் கட்டி வந்தது. தலைக்கனம் போக அங்கே இடம் மிச்சமிருந்தது எனக்கே ஆச்சரியம். அக்கா ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். அந்தக் காலத்தில் நான் முன்னால் போனேன், ஜெயித்தேன்.

அவர் செத்துப் பிழைத்துத் திரும்பி வந்தார். பத்திரிகைக்காரர்கள் முன்னால் என் தோளில் கை போட்டு, “நான் வர்ற வரைக்கும் என் எடத்தத் தொடச்சு வச்சிருந்தான், நல்ல பையன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை வெறுத்தது அப்போதுதான். பயிற்சியாளர் அன்றைக்கே என்னைப் பழைய வேலைக்கு அனுப்பிவிட்டார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மாப்ள, எனக்கு எடது பக்கம் பார்வை இல்லடா. டாக்டர ஏமாத்திட்டு வந்துட்டேன். உன் கைதான் எனக்குக் கண்ணு. அக்காகிட்ட மூச்சு விட்றாத.”

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

பந்தயப் பாதையின் மலையிறக்கத்தில் சாலையின் இடது ஓரம் மழையில் சரிந்திருந்தது. பந்தயத்தன்று காலையில் எல்லோரையும் கூப்பிட்டு எச்சரித்தார்கள். மாமா அப்போது பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் அவர் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார்.

நேற்று அடக்கம் முடிந்ததும் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

“நீ கை காட்டியிருப்படா. அவருதான் கவனிக்கல, அப்படித்தானே?”

“கை காட்டுனேன்க்கா” என்றேன்.

காட்டினேன் ஐயா. வலது பக்கம் காட்டினேன். மாமா உடனே இடது பக்கம் ஒதுங்கினார்.

அக்காவிடம் நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.