முட்டு எடுத்த பாலம்

பச்சை மைப் பேனா இருந்தால் கொடுங்கள் சார். இல்லாவிட்டால் நீலமே போதும். முப்பத்தொரு வருடம் பச்சை மையில் தணிக்கைக் குறிப்பு எழுதிய கை இது. நீல மையில் எழுதினால் வேறு யாரோ எழுதுவதுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். சொந்த ஊர் ராசிபுரம். கொல்லிமலையில் அரசுப் பணத்தில் நடக்கும் வேலைகளை, நடக்கும்போதே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஓவர்சியர் அர்த்தனாரியும் நானும் ஆறு வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவன் 'அண்ணா' என்று கூப்பிட்டால் அந்தக் குறை தெரியாது.

மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஓர் ஓடையின் குறுக்கே சின்னப் பாலம் கட்டினார்கள். அர்த்தனாரிதான் மேற்பார்வை. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு, உள்ளே கம்பி கட்டியிருப்பதை நான் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அர்த்தனாரி மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, போர்வையை இழுத்து விட்டான்.

"படுங்கண்ணா. நான் பாத்துட்டு வாரேன். கையெழுத்த அப்பறம் போட்டுக்கலாம்."

சாயங்காலம் படுத்தபடியே போட்டேன். என் சர்வீஸில் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து அது.

மூன்று மாதம் கழித்துப் பாவாயி ஆபீசுக்கு வந்தாள். அக்கரையில் குடியிருப்பவள். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு அந்த ஓடையில் இறங்கி ஏறியே பாதி ஆயுளைக் கழித்தவள். பாலம் கேட்டு மனு மேல் மனு போட்டதும் அவள்தான்.

"ஏனுங்க, பாலத்துக்கு அடியில குடுத்த முட்டுமரம் இன்னும் அப்படியே நிக்குதுங்க. எப்பங்க எடுப்பாங்க?"

கான்கிரீட் இறுகும்வரை தாங்கக் கொடுத்து, ஒரு மாதத்தில் எடுக்க வேண்டிய மரங்கள் அவை. எடுக்காமல் விட்டிருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். தனியாகப் போய் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் கொத்திப் பார்த்தேன். கம்பி இல்லை.

கம்பிக் காசு அவன் பைக்குப் போனது எனக்குப் பெரிதில்லை சார். அந்த ரசத்தை நினைத்தால்தான் வயிறு எரிந்தது. காய்ச்சலில் கிடந்தவனுக்குப் பணிவிடை செய்துகொண்டே கழுத்தை அறுத்திருக்கிறான். நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். சாப்பிடும்போது, "கம்பியெல்லாம் சரியாக் கட்டுனியாப்பா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "என்னங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க? நீங்களே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான்.

மேலிடத்துக்கு எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதினால் என் கையெழுத்தும் சந்திக்கு வரும். அதோடு இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம்.

ஐப்பசியில் ஒருநாள், அர்த்தனாரிக்குச் சொல்லாமல், பாவாயியை ஆள் கூட்டி வரச் சொல்லி முட்டுமரங்களை எடுக்க வைத்தேன். விதிப்படி அது செய்ய வேண்டிய வேலைதான். வெறும் பாலம் நின்றது. பாரம் ஏறினால் நிற்காது என்று எனக்குத் தெரியும். பாவாயிக்குத் தெரியாது.

"மரத்த எடுத்தும் நிக்குதுங்களே சாமி" என்று கும்பிட்டாள்.

"கம்பியெல்லாம் கெட்டியா இருக்குதும்மா. நானே பாத்துட்டேன்" என்றேன்.

அன்று பெய்த மழையில் ஓடை நிரம்பியது. செம்மண் தண்ணீரில் பாலத்தின் அடிப்பக்கம் மறைந்துவிட்டது. மறுநாள் காலையில் அர்த்தனாரியை ஆபீஸ் ஜீப்பை ஓட்டச் சொல்லி அங்கே கூட்டிப் போனேன். வேலை முடிந்ததற்குச் சாட்சியாகப் பாலத்தின் மேல் ஆள் நிற்கும் படத்தைக் கோப்பில் சேர்ப்பது நடைமுறை. "வண்டிய நடுவுல நிறுத்திட்டுப் பக்கத்துல நில்லு" என்றேன். அவன் தயங்கவே இல்லை. மரங்கள் அடியில் இருப்பதாக நம்பினான்.

படத்தில் பயனாளி ஒருவரும் இருக்க வேண்டும். மரம் எடுத்ததை அர்த்தனாரியிடம் சொல்லிவிடக் கூடாது என்பதால் பாவாயியை அக்கரையிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன். திட்டத்தின் பெயர் எழுதிய பலகையைக் கையில் பிடித்திருந்தாள்.

"வரலாங்களா சாமி?" என்று கத்தினாள்.

கையைக் காட்டி வரச் சொன்னேன்.

இரண்டு படம் எடுத்தேன். இரண்டாவதில் பாலம் இல்லை. அர்த்தனாரியை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பாவாயி கிடைக்க நான்கு நாள் ஆனது.

மரத்தை எடுக்கச் சொன்னது நான். பாலத்தில் நிற்கச் சொன்னது நான். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அர்த்தனாரியையும் என்னையும் மட்டும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் சார். என்னை நம்பினவர்களுக்குத் துரோகம் செய்ய எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.