சாரத்தைக் கண்டு வந்த வள்ளம்

எஞ்சின் நிற்கிறது. இரண்டு தரம் இருமுகிறது. பிறகு சத்தமில்லை.

வள்ளத்தில் தண்ணீர் அடிக்கிறது. சளக். சளக். பிலோமினா மாமியின் சின்னவள் அழுகிறாள். மாமி பால் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது.

விடிந்துவிட்டது. விடிய முன்னமே அக்கரை சேர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் வழியில் ஏற்கெனவே ஒரு தரம் நின்றது. அதில் பிந்திவிட்டோம்.

மேற்கே பீரங்கிப் படகு. நாங்கள் கன்போட் என்போம். சாம்பல் நிறம். சின்னதாகத் தெரிகிறது. அங்கே ஒரு வெளிச்சம். கொஞ்சம் பொறுத்து, தொம். தலைக்கு மேலே உஸ் என்று ஒரு இழுவை. அப்பால் தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்புகிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது அந்தோனி மாமா. ஓட்டி அவர்தான். படுக்க இடமில்லை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். எனக்கு மேலே அம்மா.

இரண்டாவது கிட்ட விழுந்தது. வள்ளத்தை ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. பெட்டிகளும் உடுப்பு மூட்டைகளும் கடலில் போயின. தையல் மெசின் தண்ணீருக்கு அடியில் தாண்டது. இரும்புச் சிதறல் பலகையில் தைத்தது. தட். தட். தட். என் மேல் கிடந்த அம்மா ஒரு தரம் உதறினாள். அவளுடைய பாரம் கூடியது. எனக்கு விளங்கியது. நான் அசையவில்லை.

இதை எழுதித் தரக் கேட்டவர்கள் தேதியும் எழுதச் சொன்னார்கள். தேதி தெரியாது. மாதா திருநாளுக்கு அடுத்த வெள்ளி. அது தெரியும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு சின்னத் தீவு எங்களுடையது. ஒரு படை பிடிக்க வந்தது. மற்றது விடமாட்டோம் என்றது. கடலில் இருந்து அடித்தார்கள். கரையில் இருந்தும் அடித்தார்கள். நடுவில் எங்கள் வீடுகள். அதனால் வள்ளம் ஏறினோம். நான் ஏழாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். கண்டதில் பிழை இல்லை.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எஞ்சின் பழுதானால் இடுப்பில் உடுத்த சாரத்தைக் கழற்றித் துடுப்புத் தண்டில் கட்டித் தூக்க வேண்டும். கண்டவன் வர வேண்டும். வலை கடலில் கிடந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். எந்த ஊர், என்ன சாதி, அது பிறகு. வந்து கயிறு எறிந்து இழுத்துப் போக வேண்டும். கூலி கேட்பதில்லை.

அந்தோனி மாமா சாரத்தைக் கழற்றினார். சிவப்புக் கட்டம் போட்டது. அரைக் காற்சட்டையோடு எழும்பி நின்று தண்டைத் தூக்கினார். கன்போட்டில் இருந்தவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ. டக் டக் டக் டக். மாமா முழங்காலில் இருந்தார். பிறகு சரிந்தார். தண்டு விழவில்லை. என் அண்ணை யோசேப்பு பிடித்துக்கொண்டான்.

கிழக்கே ஒரு வள்ளம் தெரிகிறது. சின்னது. இரண்டு பேர். வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள். எங்கள் ஊர் வள்ளம் இல்லை. எங்கள் ஊர் வள்ளம் என்றால் மூக்குப் பக்கம், முன்னணியத்தில், சிலுவை இருக்கும். இதில் திருநீற்றுக் குறி.

அது எங்களை நோக்கித் திரும்புகிறது.

அண்ணை கத்துகிறான். நாங்களும் கத்துகிறோம்.

"வராதையுங்கோ! கன்போட் நிக்குது! திரும்பிப் போங்கோ!"

முன்னுக்கு நின்றவர் கையைத் தூக்கினார். மெலிந்த ஆள். தலையில் துவாய். இடுப்பில் வலை வெட்டுகிற கத்தி. மேற்கே ஒரு தரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"தெரியுது! கயிறைப் பிடியுங்கோ!"

கயிறு வந்து விழுந்தது. அண்ணை முன்னணியத்தில் கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்தான். டக் டக். அவன் கடலுக்குள் விழுந்தான். எழும்பவில்லை.

அவர்கள் இழுக்கிறார்கள். தெற்கே மணல் திடல் இருந்தது. இடுப்பளவு தண்ணீர். கன்போட்டுக்கு ஆழம் வேண்டும். அங்கே வராது. அவர்களுடைய எஞ்சின் சின்னது. பாரம் தாங்காமல் முனகியது. கன்போட் எங்கள் பக்கம் திரும்பியது. கயிற்றை வெட்டினால் அவர்கள் ஓடித் தப்பலாம். கத்தி அந்த மெலிந்தவரின் இடுப்பில்தான் இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை கத்திக்குப் போகவில்லை.

தொம். எங்கள் பின்பக்கம் சிதறியது. மாமியின் சின்னவளின் சத்தம் நின்றது. மூத்தவனும் மாமியும் இருந்த இடத்தில் பலகை இல்லை. எங்களோடு வந்த கிழவர் மரியான் அப்பு என் காலடியில் செபமாலையோடு கிடந்தார்.

அடுத்த தொம். இது முன்னால். கயிறு தளர்ந்தது. அவர்களுடைய வள்ளம் இருந்த இடத்தில் புகை. தலைத்துவாய் ஒன்று தண்ணீரில். வேறொன்றும் இல்லை.

எங்கள் வள்ளம் வந்த வேகத்தில் போய்த் திடலில் ஏறியது. மணல் உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. இங்கே மொன்றியலில் குளிர்காலத்தில் பனி வழிக்கிற வண்டி றோட்டில் உரசும். அந்தச் சத்தத்தில் எழும்பி உட்கார்ந்துவிடுவேன்.

கரையில் இருந்து வெடி போனது. கன்போட் அந்தப் பக்கம் திரும்பியது. மிஞ்சியவர்கள் நடந்து கரையேறினோம்.

மொன்றியலில் எங்கள் ஊர்ச் சனம் கார்த்திகையில் பூசை வைக்கும். இறந்தவர்களின் பேர்களை வாசிப்பார்கள். எங்கள் வள்ளத்தில் ஏழு பேர். வாசிக்கிறவர் செபமாலை அண்ணை. நான் வந்த வருடமே அவரிடம் சொன்னேன், இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று.

"பேர் என்ன, பிள்ளை?"

"தெரியாது."

"பேர் இல்லாமல் எப்பிடி வாசிக்கிறது?"

அவர் சொன்னதும் சரிதான். நான் இரண்டு மெழுகுதிரி வாங்கிக் கொளுத்துவேன்.

போன கார்த்திகையில் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை வந்தாள். பேர் சாந்தினி. கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கிறவள். நெற்றியில் பொட்டு. அங்கே வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி என் இரண்டு மெழுகுதிரிக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, சாரம் தூக்கின வள்ளத்திலை வந்தது நீங்களோ?"

"ஓம்."

"இழுக்க வந்தது என்ரை அப்பா. அம்மா உங்களை ஒருக்கால் பாக்கவேணுமாம்."

அடுத்த ஞாயிறு போனேன். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி. கம்பிப் படிக்கட்டில் பனி. தாய் பரமேசுவரி கட்டிலில் இருந்தார். டயலிசிஸ் செய்கிற உடம்பு. என்னை இருக்கச் சொல்லவில்லை. நேரே கேட்டார்.

"அந்த மனிசன் பெட்டி பொறுக்கவோ வந்தது?"

எனக்கு விளங்கவில்லை. சாந்தினி சொன்னாள். கடலில் மிதந்த எங்கள் சாமான்களைப் பொறுக்கப் போய்ச் செத்தான் என்று அவர்கள் ஊரில் கதை. செத்த வீட்டுக்கும் ஆட்கள் குறைவு. கூடப் போனது பரமேசுவரியின் தம்பி. ஆசைக்காரன் என்ரை தம்பியையும் கொண்டுபோனான் என்று அந்த மனிசி இத்தனை வருடம் புருசனுக்குத் திவசம் கொடுக்கவில்லை. தம்பிக்கு மட்டும் கொடுத்தார்.

நான் கண்டதைச் சொன்னேன். சாரம். கயிறு. கத்தி.

"சாமான் அங்காலை மிதந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பேல்லை."

"கன்போட்டைக் கண்டவரோ?"

"கண்டவர். நாங்கள் வராதையுங்கோ எண்டு கத்தினனாங்கள். தெரியுது எண்டவர்."

"தெரியுது எண்டோ?"

"ஓம்."

"கத்தி இருந்ததெல்லோ. கயிறை வெட்டேல்லையோ?"

"வெட்டேல்லை."

"தம்பி?"

"எஞ்சினைப் பிடிச்சபடி நிண்டவர். குனியவும் இல்லை."

பரமேசுவரி சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"விசர் மனிசன். சோத்துக்குக் கூப்பிட்டால் நாலு தரம் கூப்பிடவேணும். ஆரோ சாரத்தைத் தூக்கினால் ஒரே ஓட்டம்."

சாந்தினி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகப் போனது. தாய் அழவில்லை. "இவவுக்குத் தேத்தண்ணி போடு" என்றார். பிறகுதான் என்னை இருக்கச் சொன்னார்.

அப்பாவுக்கு எந்தத் திதி என்று மகள் கேட்டாள். தம்பியின்ரை திதிதானே, ஒண்டாய்க் குடுப்பம் என்றார்.

வெளிக்கிடும்போது அந்த இரண்டு பேருடைய பேர்களையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். செபமாலை அண்ணைக்கு அன்றே போன் எடுத்தேன்.

"சைவக்காரரெல்லோ, பிள்ளை?"

"நீங்கள் வேதக்காரரோ சைவக்காரரோ எண்டு கேட்டே அவர் கயிறு எறிஞ்சவர்?"

போனில் கடுதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. பேரைச் சொல்லு."

அன்று போனவை இரண்டு வள்ளங்கள். இரண்டு எஞ்சின்கள். வீடு திரும்பப் பார்க்கவில்லை. கோவில் கூரை விழுந்தது என்று கேள்வி.

எங்கள் வள்ளத்தில் அம்மா திரேசா. அண்ணை யோசேப்பு. ஓட்டி அந்தோனி மாமா. மரியான் அப்பு. பிலோமினா மாமி. மாமியின் பிள்ளைகள் ரெஜி, சுகி. சுகிக்குப் பல் முளைக்கவில்லை. அம்மாவையும் மாமாவையும் அப்புவையும் கரையில் குழி வெட்டித் தாட்டோம். மற்றவர்கள் கடலில்.

அவர்கள் வள்ளத்தில் செல்வராசா. அவருடைய மச்சான் குகன். இரண்டு பேரும் கடலில்.

மொத்தம் ஒன்பது பேர்.