எல்லோருக்கும் ஒரே நெஞ்சு

வண்டிக்குள் தேநீர் போட அனுமதி இல்லை. அதனால் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் குடிப்பேன். எங்கள் எகிப்தில், மின்யா பக்கத்தில் தேநீரைக் கறுப்பாகக் காய்ச்சிச் சர்க்கரையை வாரிக் கொட்டுவார்கள். எனக்குப் பழகிவிட்டது.

என் வேலை எளிது, ஐயா. எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக ஓட்டிப்போய், சுண்ணாம்புக்கல் குவாரி ஆட்களையும் அவர்கள் வீட்டாரையும் நிறுத்திப் படமெடுப்பேன். மூச்சை இழு, பிடி, விடு. படங்கள் நகரத்து டாக்டருக்குப் போகும். காசநோய் என்று அவர் சொன்னால், அந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுபோவது நான்.

பகீத் என்ற கல் அறுப்பவருக்கு அப்படித்தான் போய்ச் சொன்னேன். மேஸ்திரி அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். காப்பிக்கடையில் அவர் குடித்த கிளாஸை உடைத்துப் போட்டார்கள். மாத்திரை வாங்கப் போகக் கூச்சப்பட்டார். பிறகு குவாரி விளிம்பிலிருந்து குதித்துவிட்டார். அடுத்த தடவை நான் போனபோது தேநீர் வரவில்லை. அவருடைய தம்பி வண்டிச் சக்கரத்தில் துப்பினான். "வந்துட்டான் பாரு, சாவை ஏத்திக்கிட்டு" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபமில்லை. யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு படங்களை முதலில் நானே திரையில் பார்த்தேன். நோயின் நிழல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது இருந்தால் அந்தப் படத்தை அழித்துவிட்டு, என் நெஞ்சுப் படத்தை அவர்கள் பெயரில் அனுப்பினேன். பெண்கள் பெயரில் என் மனைவியுடையதை. இரண்டும் சுத்தமானவை. நல்ல நெஞ்சை எந்த டாக்டரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஊர்கள் மாறிப்போயின. என்னைக் கண்டால் நெய் வழியும் ஃபதீர் ரொட்டி வரும். கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள், டாக்டர் என்றே என்னை அழைத்தார்கள்.

நஜாத் என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றாள். இருமலில் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது தடவைதான் படம் சரியாக வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது.

"என்ன டாக்டரே, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? தூசிதானே?"

"தூசிதாம்மா. தேன் குடி, சரியாயிடும்."

"அப்ப பிள்ளைக்குப் பால் குடுக்கலாம்ல?"

"தாராளமா."

"இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் இருமுறேன்னு பிள்ளையப் பக்கத்துலயே விடமாட்டேங்கறாரு. பெரிய புரொபசர் அவரு."

அவள் கணவன், ஸைதான் என்று பெயர், வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தான். நானே இறங்கிப் போய்ச் சொன்னேன். அவன் என் தோளில் முத்தமிட்டான். "அவள வீணா நோகடிச்சிட்டேன் டாக்டரே" என்று சொல்லிக் குழந்தையை வாங்கி அவள் மடியில் வைத்தான்.

முதலில் குழந்தை போனது. பிறகு அவள். துக்கப் பந்தலுக்குப் போயிருந்தேன். ஸைதான் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டான். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காப்பியைக் கொடுத்தார்கள், குடித்தேன். நல்ல காப்பி.

நகரத்துக்குப் புதிதாக வந்த லேடி டாக்டர்தான் கண்டுபிடித்தார். சின்ன வயதில் கழுதையிலிருந்து விழுந்து என் விலா எலும்பு ஒன்று முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. இத்தனை ஊர்களில் இத்தனை ஆண்களுக்கும் ஒரே எலும்பு ஒரே மாதிரி முறியுமா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை.

எத்தனை பேர் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, தெரிந்துதான் அழித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவரும் என்னிடமிருந்து பயத்தோடு திரும்பிப் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், போன குளிர்காலத்தில் ஷுரூக் இருமினாள். அவளையும் இதே வண்டியில் நிறுத்திப் படமெடுத்தேன். நிழல் இருந்தது. அந்தப் படத்தை அவள் பெயரிலேயே அனுப்பினேன். சீக்கிரம் பாருங்கள் என்று டாக்டருக்கு ஃபோனும் செய்தேன். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரையை நானே கையில் கொடுத்தேன். தேறிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள்.

அது வேறு விஷயம், ஐயா. என் மகள் தைரியசாலி, எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்வாள். அந்த ஊர்க்காரர்கள் பாவம், பயந்த சுபாவம்.